குயவன் தியெனின் காது

எங்கள் ஊர் பைலினில் அந்த நாளில் ஒரு நாய் குரைத்தால்கூட, அது எந்த வழிக்காரன் வீட்டு நாய் என்று கேட்பார்கள். வழிகள் மூன்று: கன்பூசியஸ் வழி, மோ வழி, யாங் வழி. மனிதன் எப்படி வாழ வேண்டும் என்பதில் மூன்றுக்கும் மூன்று தீர்மானம். வெங்காயத் தாள் வாங்கச் சந்தைக்குப் போனவன், "பெத்தவங்க முக்கியமா, ஊர் உலகம் முக்கியமா, நான் முக்கியமா" என்கிற வாக்குவாதத்தில் மாட்டிக்கொண்டு, தாள் வாடி வதங்கிய பிறகு வீடு திரும்புவான். பெண்டாட்டியிடம் அதற்கும் வாங்கிக் கட்டிக்கொள்வான்.

இந்தக் கூத்தில் கலந்துகொள்ளாமல் மண்ணை மிதித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் கெங் தியென். குயவன் மகன், குயவன் பேரன். எழுபத்தொரு வயதுவரை இருந்தான். அவன் செய்த ஜாடிகள் இன்றைக்கும் எங்கள் ஊரில் பாதி வீடுகளில் தானியம் தாங்கிக்கொண்டிருக்கின்றன. ஆள் குட்டை. முகத்தை ஒருமுறை பார்த்தால் மறுமுறை நினைவு வராது. ஆனால் அவன் காது வேறு. சூளையிலிருந்து இறக்கிய பானையை விரலால் ஒரு சுண்டு சுண்டுவான். கண்ணுக்கே தெரியாத கீறலாக இருந்தாலும், "இது ஆகாது" என்று ஒதுக்கி வைத்துவிடுவான். ஒருநாள்கூட அவன் சொன்னது தப்பியதில்லை.

தப்பியது ஒரே இடத்தில்தான். அப்பாவிடம்.

அப்பா கெங் பான் பெருத்த கனத்தில் ஜாடி செய்கிறவர். தியெனுக்கு மெல்லிசாகச் செய்ய ஆசை. "நீ பண்றது ஜாடியாடா, கோழி முட்டை ஓடாடா?" என்றார் அவர். "உங்க ஜாடியைத் தூக்க ரெண்டு மாடு பூட்டணும்" என்றான் இவன். வாய் வார்த்தை தடித்தது. ஒரே கூரையின் கீழ், ஒரே சூளையில் வேலை செய்துகொண்டு, ஒரு வருஷம் இருவரும் பேசவில்லை. நடுவில் மருமகள் லியூதான் தூது போனாள். "மாமா விறகு கேக்கறாரு", "அவரு இல்லைங்கறாரு" என்று அவள் தொண்டை வற்றியது. அந்த இலையுதிர் காலத்தில் தியென் பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் பானை கொண்டு போனான். திரும்பி வந்தபோது அப்பாவின் முகத்தைத் துணியால் மூடி மூன்று நாள் ஆகியிருந்தது. இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான்.

துக்கச் சடங்குகளுக்கு ஊரில் ரான் வாத்தியார்தான். கன்பூசியஸ் வழியில் ஊறியவர். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக நிற்பார். சாப்பாட்டுக்காக நிற்கிறார் என்று மோ வழிக்காரர்கள் கேலி பேசுவார்கள். அப்படியெல்லாம் இல்லை, நல்ல மனிதர். சாப்பாடும் பிடிக்கும், அவ்வளவுதான்.

"தியென், பெரிய இடத்துப் பிள்ளைங்களே இப்பல்லாம் முழுத் துக்கம் காக்கறதில்லப்பா. நீ உழைச்சுச் சாப்பிடறவன். மூணு மாசம் இரு, போதும்" என்றார்.

"முழுசா இருக்கேன் வாத்தியாரே. இருபத்தஞ்சு மாசம். ஒரு நாள் குறையாம."

"எதுக்குடா இந்தப் பிடிவாதம்?"

"ஒரு வருஷம் அவர்கூடப் பேசல. அதுக்கு ஈடா குடுக்க எங்கிட்ட வேற என்ன இருக்கு?"

வாத்தியார் விதிகளைச் சொன்னார். வீட்டு முற்றத்துச் சுவரில் கிளைகளைச் சாய்த்து ஒரு குடிசை. படுக்க வைக்கோல், தலைக்கு ஒரு மண்ணாங்கட்டி. உடுத்த ஓரம் தைக்காத சணல் துணி, ஊன்றிக்கொள்ள ஒரு கோல். காலையும் மாலையும் தினைக் கஞ்சி. மனைவி எட்ட இருக்க வேண்டும். பாட்டோ மேளமோ காதில் விழக் கூடாது. யாராவது கேட்டால் ஒழியத் தானாக வாய் திறக்கக் கூடாது. நடுவில் முறிந்தால் முறிந்ததுதான். ஒட்டவைக்க வழி கிடையாது.

சூளையை லியூ எடுத்துக்கொண்டாள். புருஷனைவிட நன்றாகவே நடத்தினாள் என்று ஊரில் சொல்வார்கள். அதை அவளும் மறுத்ததில்லை.

பதின்மூன்றாம் மாதத் தொடக்கத்தில் தெற்கு நாட்டுப் படை வந்து பைலினை வளைத்துக்கொண்டது. அவர்கள் முப்பதாயிரம் பேர். எங்கள் மதிலுக்குள் குழந்தை குட்டியெல்லாம் சேர்த்து மூவாயிரம். இப்படி வளைக்கப்பட்ட ஊர்கள் விழுந்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆண்களுக்குக் கத்தி, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அடிமைக் கயிறு.

படை வருவதற்கு மூன்று நாள் முன்னால், கூப்பிடாமலே வந்து சேர்ந்தார்கள் மோ வழிக்காரர்கள் இருபது பேர். குட்டைத் துணி, புல் செருப்பு. பெரிய நாடு சின்ன ஊரை அடிக்கிறது என்று கேள்விப்பட்டால் நூறு காதம் நடந்தாவது வந்து மதில் காப்பது அவர்கள் வழக்கம். கூலி வாங்க மாட்டார்கள். உலகத்தில் எல்லா உயிரும் ஒன்று, எல்லாரையும் ஒரே அளவில் நேசி, எல்லாருக்கும் நன்மை தருவதைச் செய் என்பது அவர்கள் கொள்கை. தலைவர் பெயர் காவ் ரெய். ஒடிசலான மனிதர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் மதில் காப்பதில் அவருக்கு நிகர் கிடையாது. ஏணி வைத்தார்கள், தள்ளிவிட்டார். வண்டியில் மறைந்து வந்தார்கள், நெருப்பைக் கொட்டினார். ஒரு மாதம் இப்படிப் போனது.

பிறகு ஒருநாள் எதிரி சும்மா இருந்தான். மறுநாளும் சும்மா இருந்தான்.

"தோண்டறானுங்க" என்றார் காவ் ரெய். "மதிலுக்கு அடியில பொந்து போட்டு உள்ள வரப்போறானுங்க."

அதற்கும் அவரிடம் உபாயம் இருந்தது. மதிலின் உட்புறமாக நெடுக இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளங்கள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய ஜாடியை வைத்து, வாயை மெல்லிய தோலால் இறுக்கிக் கட்டினார். தோலில் காதை வைத்தால் மண்ணுக்குள் நடப்பது கேட்கும். ஜாடிகளை லியூ கொடுத்தாள். பெரும்பாலும் தியென் செய்த மெல்லிசு ஜாடிகள். இரண்டு மட்டும் மாமனார் செய்த கனமானவை. அவற்றை உருட்டிக்கொண்டுபோன எட்டுப் பேரும் செத்தவரை வாய்க்கு வந்தபடி வாழ்த்தினார்கள்.

இதுவரை சரி. இனிதான் காவ் ரெய் ஒரு தப்புச் செய்தார். மோ வழிக்காரரைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாத தப்பு. எல்லாரும் சமம், ஆகவே பள்ளத்தில் காது வைக்கவும் எல்லாருக்கும் சமமாக முறை என்று வரிசை போட்டுவிட்டார். கொல்லனுக்கும் ஒரு முறை வந்தது. முப்பது வருஷம் சம்மட்டி அடித்து இரண்டு காதும் அவிந்துபோன ஆள். "ரொம்ப அமைதியா இருக்கு, நல்ல இடம்" என்று சொல்லிவிட்டு ஏறி வந்தான். ஒருவனுக்குத் தன் வயிற்று இரைச்சல் குதிரைப்படையாகக் கேட்டது. இன்னொருவன் கீழே போய்த் தூங்கிவிட்டான். ஐந்து நாள் இப்படிப் போயிற்று. தோண்டுகிறவன் ஐந்து நாளும் தோண்டிக்கொண்டிருந்தான்.

லியூவுக்குப் பொறுக்கவில்லை. நேராகக் காவ் ரெய்யிடம் போனாள். "ஐயா, ஊர்ல காதுன்னு ஒண்ணு இருந்தா அது என் வீட்டுக்காரர்கிட்டதான் இருக்கு. கொல்லனையும் அவரையும் ஒண்ணா வரிசையில நிறுத்தாதீங்க."

காவ் ரெய் துக்கக் குடிசைக்கு வந்தார். சேதி கேட்டு ரான் வாத்தியாரும் ஓடிவந்தார். பக்கத்துச் சுவருக்கு மேல் ஒரு தலை முளைத்தது, ஹுவானின் தலை. ஹுவான் தினையைப் புளிக்கவைத்து, சமையலுக்கு ஊற்றும் காடி எடுத்து விற்பவன். யாங் வழி. அவரவர் உடம்பையும் வீட்டையும் அவரவர் பார்த்துக்கொண்டால் போதும் என்கிற கட்சி.

தியென் வைக்கோலில் உட்கார்ந்திருந்தான். இளைத்துப்போய்க் கண்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன.

"உங்க அப்பா போயிட்டாரு" என்றார் காவ் ரெய். "அவருக்கு இனிமே நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. மதிலுக்குள்ள எத்தனை அப்பன் உசிரோட இருக்கான்! எல்லாரையும் உன் அப்பனா நெனைச்சு எந்திரிச்சு வா."

"அது எப்படிய்யா முடியும்?" என்று பாய்ந்தார் வாத்தியார். "சொந்த அப்பனை மதிக்கத் தெரியாதவனா ஊரான் அப்பனை மதிக்கப் போறான்? அன்பு வீட்ல மொளைச்சு அப்புறம்தான் தெருவுக்கு வரும். நீ வேரை வெட்டிட்டுக் கிளைக்குத் தண்ணி ஊத்தச் சொல்றே."

"வீட்ல மொளைச்சது தெருவுக்கு வந்து நான் பாத்ததில்ல. என் வீடு, என் நாடுன்னு அவனவன் இருக்கறதாலதான் வெளிய ஒருத்தன் ஏணியோட நிக்கறான்."

சுவர் மேலிருந்த தலை சிரித்தது. "ரெண்டு பேர் பேச்சும் வெட்டிப் பேச்சு. அவனவன் தன் பாட்டைப் பாத்துக்கிட்டுக் கெடந்தா சண்டை ஏன் வருது? அந்தத் தெக்கத்தி ராஜா வீட்டோட தூங்கியிருந்தா நீங்க இங்க எதுக்கு வரப்போறீங்க?"

"அவன் தூங்கலியே!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"அதுக்கு நான் என்ன பண்றது? உலகமே பொழைக்கும்னாலும் என் கால் மயிர் ஒண்ணைப் புடுங்கித் தரமாட்டேன்."

மூன்று பேர் சொல்வதும் தியெனுக்கு ஒரு பக்கம் நியாயமாகவே பட்டது. போனால் அப்பாவுக்குக் கொடுத்தது முறிந்துவிடும். போகாவிட்டால் ஊர் போய்விடும், லியூ போய்விடுவாள்.

எட்ட நின்ற லியூ பேசினாள். "மாமா உசிரோட இருந்தப்ப நீங்க பேசாம இருந்தீங்க. அவரு துடிச்சாரு. இப்பவும் பேசாம இருக்கீங்க. அதுக்குப் பேரு மரியாதைங்கறாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

"என்ன சொல்றே தியென்?" என்று கேட்டார் காவ் ரெய்.

கேட்டுவிட்டதால் அவன் பேசலாம். மெல்லக் கேட்டான்: "பள்ளத்துல உக்காரறவன் எப்படி இருக்கணும்?"

"எப்படின்னா? பேசக் கூடாது. வைக்கோல்ல உக்காரணும், மண்ணோட மண்ணாக் கெடக்கணும். வயிறு முட்டச் சாப்பிட்டா தூக்கம் வரும், அதனால கஞ்சிதான். பொம்பளை நெனைப்பு, பாட்டு, கூத்து எதுவும் ஆகாது. மனசு கலையும்."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். ரான் வாத்தியாரின் வாய் திறந்தபடி இருந்தது. அவர் பதின்மூன்று மாதத்துக்கு முன்னால் இதே முற்றத்தில் சொன்ன விதிகள் அல்லவா இவை!

"குடிசை... குடிசை முத்தத்துலதான் இருக்கணும்" என்று இழுத்தார் வாத்தியார்.

"குடிசை எதுக்கு வாத்தியாரே? மண்ணுக்குக் கிட்ட இருக்கத்தானே? எங்கப்பா மண்ணுக்குள்ள இருக்காரு. பள்ளம் இன்னும் கிட்ட."

வாத்தியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. நாற்பது வருஷமாகத் துக்க விதி சொல்லிக்கொண்டிருந்தவருக்கு அன்றைக்குத்தான் அது எதற்கு என்று ஒருவன் சொன்னான். "எந்திரி. நானும் வரேன். பள்ளத்து வாசல்ல உக்காந்து விதி தப்பாமப் பாத்துக்கறேன்" என்றார். தியென் கோலை ஊன்றி எழுந்தான். வைக்கோலையும் மண்ணாங்கட்டியையும் வாத்தியாரே சுமந்துகொண்டு தெரு வழியே நடந்தார். கர்வமாக நடந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

முதலில் இறங்கியது தன்னுடைய மெல்லிசு ஜாடி இருந்த பள்ளத்தில். தோலில் காதை வைத்ததும் தூக்கிவாரிப் போட்டது. எல்லாம் கேட்டது. மதில்மேல் நடப்பவர்களின் காலடி, வண்டிச் சக்கரம், குழந்தை அழுகை, எங்கோ உலக்கை குத்துவது. யார் என்ன சொன்னாலும் பதில் சொல்லும் வாயாடி மாதிரி ஜாடி எல்லாவற்றுக்கும் ரீங்காரம் போட்டது. ஒன்றையும் பிரித்தறிய முடியவில்லை. அடுத்த பள்ளமும் அப்படியே. அதற்கடுத்ததும்.

மூன்றாம் நாள் காலை, கிழக்கு மதில் ஓரத்தில் அப்பாவின் ஜாடி இருந்த பள்ளத்துக்கு வந்தான்.

அந்தக் கனத்த ஜாடிக்குள் மேலே நடக்கும் சந்தடி எதுவும் இறங்கவில்லை. அப்படி ஓர் அமைதி. தியென் காதை அழுத்தி வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான். பிறகு கீழேயிருந்து வந்தது, தூரத்தில் யாரோ களிமண் பிசைவது போல. தொப். தொப். நிறுத்தம். மறுபடி தொப். மண்வெட்டியின் சத்தம்தான் அது. தன்னுடைய எந்த ஜாடியாலும் இதைத் தனியாகப் பிரித்துத் தர முடிந்திருக்காது. இந்தக் கனம் அதற்குத்தான் என்று அவனுக்கு அப்போது புரிந்தது. ஜாடியைக் கட்டிக்கொண்டு அழுதான். "நீங்க சொன்னது சரிப்பா, நீங்க சொன்னது சரி" என்று தோலின் மேலேயே உதட்டை வைத்துச் சொன்னான். அப்பாவிடம் பேசுவதற்கு எந்த விதியும் தடை இல்லை.

அப்பாவின் இன்னொரு ஜாடியும் அதே மதில் ஓரத்தில், முப்பது அடி தள்ளி இருந்தது. அதிலும் இறங்கிக் கேட்டான். இங்கே சத்தம் மங்கல். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டு, பொந்து எங்கே வருகிறது என்று மனதில் கோடு போட்டுக்கொண்டான். அது நேராக ஹுவானின் காடிக் கொட்டகைக்குக் கீழே வந்துகொண்டிருந்தது. தூரமும் அதிகம் இல்லை. இன்னும் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று.

மேலே ஏறி வந்தான். இப்போது ஒரு சங்கடம். தானாகப் பேசக் கூடாதே! வாத்தியார் அவன் முகத்தைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது.

"கவலைப்படாதே, நான் கேக்கறேன், நீ சொல்லு. என்ன கேட்டது?"

"தோண்டற சத்தம்."

"எங்க?"

"ஹுவான் கொட்டகைக்குக் கீழ."

"இன்னும் எத்தனை நாள்? சொல்லு, நான்தான் கேக்கறேனே!"

காவ் ரெய் வந்தார். இருபது பேரையும் மாற்றி மாற்றி அதே பள்ளத்தில் இறக்கினார். ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. "ஒருத்தன் காதை நம்பி மத்த எடத்துக் காவலையெல்லாம் எடுக்க முடியாது" என்றார். "பல பேர் கண்ணும் காதும் சாட்சி சொல்லணும். அதுதான் எங்க முறை. எல்லார் காதும் ஒண்ணுதான்."

"எல்லார் காதும் ஒண்ணா?" என்று இடுப்பில் கை வைத்தாள் லியூ. "சரி, சோதிச்சுப் பாத்துருவோம்."

சூளைக்குப் போய்ப் பன்னிரண்டு சட்டிகளை அள்ளிவந்தாள். நடுவில் ஒரு பாயைத் தொங்கவிட்டாள். பாய்க்கு அந்தப் பக்கம் காவ் ரெய் தம் கையாலேயே ஒவ்வொன்றாகச் சுண்டினார். இந்தப் பக்கம் தியெனும் அந்த இருபது பேரும். இருபது பேரும் "எல்லாம் நல்ல சட்டி" என்றார்கள்.

"உனக்கு?" என்று கேட்டார் வாத்தியார்.

"நாலாவது கீறல். ஒம்பதாவதும்."

"ஒம்பதாவதா?" என்றாள் லியூ. "நாலாவதுதான் நான் வேணும்னே வெச்ச கீறல் சட்டி. ஒம்பது நல்ல சட்டிங்க!"

காவ் ரெய் ஒன்பதாவது சட்டியில் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்தார். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளி கோத்து நின்று, சொட்டென்று விழுந்தது.

காவ் ரெய் சட்டியைக் கீழே வைத்தார். அவரிடம் ஒரு பெருமை உண்டு. தப்பென்று தெரிந்தால் அந்த இடத்திலேயே ஒப்புக்கொள்வார். "எல்லார் உசிரும் ஒண்ணு. எல்லார் காதும் ஒண்ணு இல்ல. இதை நான் கத்துக்கிட்டேன்" என்று தியெனுக்குக் கைகூப்பினார். உடனே ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஹுவான் வீட்டுக்கு நடந்தார்.

ஹுவான் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். "கொட்டகையத் தோண்டறதா? என் காடி ஜாடிய நகத்தறதா? உங்க உலகத்தை நீங்க காப்பாத்திக்குங்க. நான்தான் சொன்னேனே, ஒரு மயிர்கூட..."

தியென் ஒன்றும் பேசவில்லை. யாரும் கேட்கவில்லையே! அவன் கோலை ஊன்றிக்கொண்டு ஹுவானைத் தாண்டிக் கொட்டகைக்குள் போனான். தரையில் பாதி புதைத்திருந்த ஒரு காடி ஜாடியின் மூடியைத் திறந்தான். விரலால் சுட்டிக் காட்டினான்.

ஹுவான் எட்டிப் பார்த்தான். காடியின் மேல்பரப்பில் சின்னச் சின்ன வளையங்கள் ஓடின. நின்றன. மறுபடி ஓடின. கொட்டகையில் காற்று இல்லை, யாரும் அசையவும் இல்லை.

ஹுவானின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது.

"என் வீட்டுக்குக் கீழயா?" என்றான். "என் காடிக்கு அடியிலயா? எவன்டா அவன்! எட்றா அந்தக் கடப்பாரைய!"

உலகத்தைக் காக்க வந்த இருபது பேரும் சேர்ந்து தோண்டியதைவிட, தன் காடியைக் காக்க ஹுவான் ஒருத்தன் தோண்டியது அதிகம். இதைக் காவ் ரெய்யே பின்னால் ஒப்புக்கொண்டார், கொஞ்சம் வருத்தத்தோடு.

லியூ ஒரு பகலில் நாற்பது மண்குழாய் வனைந்து சூளையில் ஏற்றினாள். எதிரியின் பொந்துக்கு நேர் எதிராக ஒரு பொந்து வெட்டி, குழாய்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நீட்டினார்கள். இந்த முனையில் கரி அடுப்பும், கொல்லன் பட்டறையிலிருந்து வந்த நான்கு துருத்திகளும். அடுப்பில் போட்டுக் காரப் புகை கிளப்ப மாசிபத்திரித் தழை, உமி, கடுகுத் தாள். துருத்தி மிதிக்கிறவர்கள் கண்ணும் மூக்கும் புகையில் வெந்துபோகாமல் இருக்கத் துணியைக் காடியில் நனைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். ஹுவான் கேட்காமலே மூன்று ஜாடி காடியை உருட்டிவிட்டான். "நல்லா நனைங்கடா! பழைய காடி, காரமா இருக்கும்!" என்று அதட்டல் வேறு.

எப்போது உடைப்பது என்று சொல்ல வேண்டியவன் தியென். எதிர்ப் பொந்தின் முனையில் மண்ணில் காதை வைத்துப் படுத்திருந்தான். பக்கத்தில் வாத்தியார், தாடியெல்லாம் மண்ணாக, நிமிஷத்துக்கு ஒருமுறை "இப்பவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டால்தானே அவன் சொல்ல முடியும்!

"இப்பவா?"

"இல்ல."

"இப்பவா?"

"அவனுங்க பேசறது கேக்குது. சாப்பாடு சரியில்லைங்கறானுங்க."

"இப்பவா?"

"இப்ப."

ஹுவான் கடப்பாரையால் ஒரே குத்து. ஓட்டை விழுந்தது, குழாய் நுழைந்தது, துருத்திகள் மிதிபட்டன. கொல்லனுக்குக் காது கேட்காவிட்டால் என்ன, கால் நன்றாகவே வேலை செய்தது. சற்று நேரத்தில் மதில்மேல் நின்றவர்கள் ஹோ என்று கத்தினார்கள். எதிரியின் பாசறைக்கு நடுவே, பெரிய கூடாரம் ஒன்றிலிருந்து வெள்ளைப் புகை பொத்துக்கொண்டு கிளம்பியது. பொந்தின் வாயை அங்கேதான் மறைத்து வைத்திருந்தார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, ஒருவன்மேல் ஒருவன் விழுந்து நூற்றுக்கணக்கில் ஓடிவந்தார்கள். பின்னாலேயே, ஓடினவர்கள் இடித்துச் சாய்த்த தாங்குமரங்களோடு சுரங்கம் நெடுக இடிந்து உட்கார்ந்தது. அத்தோடு அவர்களிடமிருந்த கடைசி உபாயமும் போயிற்று. எட்டாம் நாள் தெற்கு நாட்டுப் படை கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு, வந்த வழியே போய்ச் சேர்ந்தது.

மூவாயிரம் பேரும் உயிரோடு இருந்தார்கள்!

தியென் அதற்குள் தன் குடிசைக்குத் திரும்பிவிட்டான். இன்னும் பதினோரு மாதம் பாக்கி.

ஊர்த் தலைவர் வெற்றி முரசு அடிக்கச் சொன்னார். கோபுரத்தின் மேலிருக்கும் பெரிய முரசு. ஊர் ஜெயித்தால் மூன்று நாள் அதை அடித்து ஆடுவது வழக்கம். தெருவெல்லாம் ஜனம். முரசுக்காரன் கோலை ஓங்கினான். அப்போது ரான் வாத்தியார் மூச்சிரைக்கக் கோபுரத்தில் ஏறி, அவன் கையைத் தொங்கிப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்துடா! துக்கத்துல இருக்கறவன் காதுல முரசு விழக் கூடாது! அது எப்பேர்ப்பட்ட காதுன்னு உங்களுக்கே தெரியும். பத்துக் காதம் தள்ளி அடிச்சாலும் அவனுக்குக் கேக்கும். நம்ம உசிரைக் காப்பாத்தினவனோட துக்கத்தை நாமளே முறிக்கறதா?"

கூட்டம் சிரித்தது. பிறகு மெல்ல மெல்ல அமைதியானது.

"மேளமே வீண் செலவுன்னு நாங்க எப்பவும் சொல்றோம்" என்றார் காவ் ரெய். "மனசார ஒத்துக்கறேன்."

"என் மத்தியானத் தூக்கம் கெடாது. நானும் சரி" என்றான் ஹுவான்.

மூன்று வழியும் ஒரே பேச்சில் ஒத்துப்போனது பைலின் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. முரசுக்காரன் கோலைக் கீழே வைத்தான்.

அதோடு முடியவில்லை. பதினோரு மாதம் எங்கள் ஊரில் ஒரு குழல் ஊதவில்லை, ஒரு மணி அடிக்கவில்லை. கல்யாணப் பெண்கள் மேளமில்லாமல் மாமியார் வீட்டுக்கு நடந்து போனார்கள். அறுவடை விழாவில் ஊமைக்கூத்து மாதிரி கையை மட்டும் ஆட்டி ஆடினார்கள். தாலாட்டைக்கூடக் காதோடு காதாகத்தான் பாடினார்கள். யாரும் கட்டளை போடவில்லை. தியெனிடம் யாரும் சொல்லவும் இல்லை. போர் முடிந்து ஊர் சோர்ந்துகிடக்கிறது என்றே அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

இருபத்தைந்தாம் மாதத்தின் கடைசி நாள் வந்தது. தியென் அப்பாவுக்குப் படையல் வைத்து வணங்கினான். சணல் துணியைக் களைந்தான். லியூ புதுத் துணி கொடுத்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் கையைத் தொட்டு வாங்கிக்கொண்டான். ஒரு நாள் குறையவில்லை. ஒன்றும் முறியவில்லை. இருவரும் போய் வெளிக்கதவைத் திறந்தார்கள்.

தெரு நிறைய ஜனம். சுவர் மேலும் கூரை மேலும் ஜனம். ஒருவரும் மூச்சு விடவில்லை. கோபுரத்திலிருந்து இறக்கி மாட்டு வண்டியில் ஏற்றிய அந்தப் பெரிய முரசு அவன் வாசலுக்கு நேரே நின்றது. செய்தி கேட்டு, காவ் ரெய்யும் எங்கிருந்தோ நடந்து வந்து, செம்மண் படிந்த புல் செருப்போடு ஓர் ஓரமாக நின்றார். ஹுவான் மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ரான் வாத்தியார் முரசுக்கோலை இரண்டு கையாலும் நீட்டினார்.

"அடிப்பா. ஊர் ஜெயிச்சுப் பதினோரு மாசம் ஆச்சு. இன்னும் ஒருத்தரும் கொண்டாடல."

தியெனுக்கு அப்போதுதான் புரிந்தது. வாத்தியாரைப் பார்த்தான், லியூவைப் பார்த்தான், அந்த ஜனத்தைப் பார்த்தான். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது, துடைக்கவில்லை. கோலை வாங்கினான். இரண்டு கையாலும் தலைக்கு மேல் ஓங்கி, உடம்பின் மொத்தப் பலத்தையும் சேர்த்து ஒரே அடி அடித்தான்.

அந்த அடியில் கூரை ஓடுகள் அதிர்ந்தன, குழந்தைகள் வீறிட்டன, மாடு மிரண்டு ஹுவானை இழுத்துக்கொண்டு ஓடியது. யாரும் கேட்காமல், யாரும் சொல்லாமல், குயவன் தியென் தொண்டை கிழியத் தானாகவே கத்தினான்:

"ஜெயிச்சுட்டோம்!"